இரைப்பை கேன்சர் ரிப்போர்ட்ல 'ஏரிட்1ஏ இல்லை'ன்னு வந்தா என்ன அர்த்தம்?

கேட்டிருக்கிற கேள்வி இதுதான்: அப்பாவுக்கு இரைப்பையில கேன்சர், பயாப்சி ரிப்போர்ட்டோட கடைசி வரியில ஏரிட்1ஏ புரோட்டீன் காணோம்னு போட்டிருக்காங்க, தேடிப் பார்த்தா குரோமட்டின் ரீமாடலிங் புரோட்டீன்னு வருது, அதுக்கு மேல ஒண்ணும் விளங்கல, இது நல்லதா கெட்டதா, இதுக்குன்னு மருந்து இருக்கா, பிள்ளைங்க எங்களுக்கும் வருமா. மூணுக்கும் பதில் சொல்றேன். ஆனா நேரா அங்க போனா பாதி புரியாது, அதனால கொஞ்சம் அடியிலருந்து வர்றேன், பொறுமையா படிங்க. நான் கட்டித் திசுவை ஸ்லைடு போட்டு பார்க்கிற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த ஏரிட்1ஏ ஸ்டெயினை கிட்டத்தட்ட தினமும் பார்க்கறேன், அந்த ஒரு வரியைப் படிச்சிட்டு வீட்டுக்காரங்க எவ்வளவு தவிச்சுப் போறாங்கன்னும் தெரியும்.

முதல்ல குரோமட்டின். ஒரு செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவை நீட்டி வெச்சா சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கி இருக்கிற நியூக்ளியஸ் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு நீளத்தை அவ்வளவு சின்ன இடத்துல சிக்கல் இல்லாம வைக்கணும்னா சுத்தித்தான் வைக்கணும், நூலை நூல்கண்டுல சுத்தற மாதிரி. அந்தக் கண்டுதான் ஹிஸ்டோன், எட்டு ஹிஸ்டோன் சேர்ந்தது ஒரு கண்டு, அது மேல டிஎன்ஏவோட 147 எழுத்து ஒண்ணேமுக்கால் சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா சுத்தியிருக்கும். இப்படி ஒரு செல்லுக்குள்ள சுமார் மூணு கோடி கண்டு. கண்டும் நூலும் சேர்ந்த மொத்தத்துக்குப் பேர்தான் குரோமட்டின்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. சுத்தி வெச்ச நூலைப் படிக்க முடியாது. ஒரு ஜீன் வேலை செய்யணும்னா அந்த இடத்துல நூல் வெளிய தெரியணும், படிக்கிற மெஷின் வந்து உட்காரணும். அதே சமயம் எல்லாத்தையும் அவுத்துப் போட்டா இரைப்பை செல் தான் இரைப்பை செல்லுங்கிறதையே மறந்துடும், ஏன்னா உடம்புல எல்லா செல்லுக்கும் டிஎன்ஏ ஒண்ணுதான், எந்தப் பக்கம் திறந்திருக்கு எந்தப் பக்கம் மூடியிருக்குங்கிறதுதான் ஒரு செல்லை இரைப்பை செல்லாவும் இன்னொண்ணை நரம்பு செல்லாவும் ஆக்குது. அப்போ கண்டை நகர்த்த, தள்ளிவிட, தேவைப்பட்டா மொத்தமா கழட்டிப் போட ஆள் வேணும்ல, அந்த வேலைக்காரங்கதான் குரோமட்டின் ரீமாடலிங் புரோட்டீன்கள். செல்லோட எரிபொருளான ஏடிபியை எரிச்சு அந்த சக்தியில டிஎன்ஏவை ஹிஸ்டோன் மேல ஒரு எழுத்து ரெண்டு எழுத்தா இழுத்து நகர்த்துவாங்க. நிஜமாவே தசையால பண்ற மாதிரி வேலை, சும்மா குறி வெச்சுட்டுப் போற வேலை இல்ல. குறி வைக்கிறவங்க தனி, ஹிஸ்டோன் மேல மெத்தில் அசிடைல்னு ஒட்டறவங்க, அவங்களையும் இவங்களையும் நெட்ல ஒரே பேர்ல போட்டு குழப்பி வெச்சிருக்காங்க, அந்த வித்தியாசம் பின்னாடி மருந்து பத்தி பேசும்போது தேவைப்படும்.

ரீமாடலர்ல நாலு குடும்பம் இருக்கு, ஸ்விட்ச்-ஸ்னிஃப், ஐஎஸ்டபிள்யூஐ, சிஎச்டி, ஐஎன்ஓ80. இரைப்பை கேன்சர்ல நாலுல இருந்தும் ஏதாவது ஒரு ஜீன் கெட்டதா ஆய்வுகள் இருக்கு, உதாரணத்துக்கு சிஎச்டி5ங்கிற ஜீன் மியூட்டேஷன் இல்லாமலே மெத்திலேஷனால, அதாவது டிஎன்ஏ மேல மெத்தில் குறி ஒட்டறதால, வாயடைக்கப்பட்டுக் கிடக்கறதை இரைப்பை கட்டிகள்ல பார்த்திருக்காங்க. ஆனா மத்த மூணையும் ஒரு தட்டுல வெச்சாலும் ஸ்விட்ச்-ஸ்னிஃப்தான் கனமா நிக்கும், அதனால அதுலயே நிக்கறேன்.

அந்தப் பேரே ஈஸ்ட்டுல இருந்து வந்தது. 1980கள்ல ஈஸ்ட் செல்லை வெச்சு ரெண்டு தனித்தனி ஆராய்ச்சி நடந்தது, ஒரு குரூப் ஈஸ்ட் தன் இனப்பெருக்க வகையை மாத்திக்க முடியாம போற மியூட்டேஷனைத் தேடிட்டு இருந்தாங்க, இன்னொரு குரூப் சுக்ரோஸ் சர்க்கரையை நொதிக்க வைக்க முடியாம போறதைத் தேடிட்டு இருந்தாங்க, கடைசியில பார்த்தா ரெண்டு பேரும் ஒரே மெஷினோட வேற வேற உறுப்பைத்தான் பிடிச்சிருக்காங்க. மனுஷ செல்லுல அந்த மெஷினை பாஃப் காம்ப்ளெக்ஸ்னு சொல்றோம், பத்துக்கு மேல புரோட்டீன் ஒண்ணா பூட்டிக்கிட்டது. அதுல மோட்டார் எஸ்மார்க்சிஏ4, இல்லன்னா அதோட கூடப்பிறந்தது மாதிரியான எஸ்மார்க்சிஏ2, ரெண்டுல ஒண்ணுதான் ஒரு நேரத்துல இருக்கும். ஏரிட்1ஏ மோட்டார் இல்ல, அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. அது 2285 அமினோ அமிலம் நீளமுள்ள பெரிய புரோட்டீன், மோட்டாரையும் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நடுத்தண்டு மாதிரி. அந்த இடத்துல ஏரிட்1ஏ இருக்கும், இல்லன்னா அதோட ஜோடியான ஏரிட்1பி இருக்கும், ரெண்டும் ஒரே காம்ப்ளெக்ஸ்ல சேர்ந்து உட்காராது. இந்த ஜோடி விஷயம் ரொம்ப முக்கியம்.

மனுஷனுக்கு வர்ற எல்லா கேன்சரையும் சேர்த்துப் பார்த்தா சுமார் 20 சதவீதத்துல இந்த பாஃப் காம்ப்ளெக்ஸோட ஏதோ ஒரு உறுப்புல மியூட்டேஷன் இருக்கு, அதுல அதிகமா அடி வாங்கறது ஏரிட்1ஏதான்.

இரைப்பை கேன்சருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சது 2011ல. ஹாங்காங் குழு 22 இரைப்பை கட்டிகளோட எக்ஸோமை, அதாவது புரோட்டீன் எழுதற டிஎன்ஏ பகுதிகளை, வரிசைப்படுத்திப் பார்த்தாங்க, ஏரிட்1ஏ திரும்பத் திரும்ப வந்தது, அப்புறம் இன்னும் நிறைய கட்டிகள்ல தேடினப்போ ஒரு விஷயம் வந்து நின்னுது: எம்எஸ்ஐ வகை (டிஎன்ஏ நகல் பிழையைத் திருத்தற அமைப்பு கெட்டுப்போன) கட்டிகள்ல 83 சதவீதத்துலயும், ஈபிவி (எப்ஸ்டீன்-பார்) வைரஸ் இருக்கிற கட்டிகள்ல 73 சதவீதத்துலயும் ஏரிட்1ஏ கெட்டிருக்கு, ரெண்டும் இல்லாத கட்டிகள்ல வெறும் 11 சதவீதம். 2012ல சிங்கப்பூர் குழு இன்னொரு தொகுப்புல பார்த்தப்போ மொத்தமா 8 சதவீதம்னு வந்தது. 8க்கும் 83க்கும் இவ்வளவு தூரமான்னு தோணும், ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டல. இரைப்பை கேன்சர்ங்கிறது ஒரே நோய் இல்ல, எந்த வகை கட்டி எத்தனை எடுத்தோம்ங்கிறதைப் பொறுத்து நம்பர் மாறும். 2014ல கேன்சர் ஜீனோம் அட்லஸ் குழு 295 கட்டிகளைப் பார்த்து இரைப்பை கேன்சரை நாலா பிரிச்சாங்க, ஈபிவி வகை 9 சதவீதம், எம்எஸ்ஐ வகை 22, ஜீனோம் நிலையா இருக்கிற வகை 20, குரோமோசோம் குலைஞ்சு போன வகை 50. அதுலயும் ஈபிவி வகையில 55 சதவீதத்துக்கு ஏரிட்1ஏ மியூட்டேஷன் இருந்தது, கூடவே செல் வளர்ச்சியைத் தூண்டற பிக்3சிஏ ஜீன்ல மியூட்டேஷன் 80 சதவீதம்.

அதனால உங்க அப்பா ரிப்போர்ட்ல ஏரிட்1ஏ இல்லன்னு படிச்சவுடனே நான் முதல்ல கேக்கறது, எம்எஸ்ஐ பார்த்தாச்சா, ஈபிவிக்கான எபர் டெஸ்ட் பண்ணியாச்சா. அந்த ரெண்டு இல்லாம இந்த ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லவே முடியாது. இதுதான் நான் சொல்ல வர்றதுல முக்கியமானது, மீதி எல்லாம் இதுக்கு விளக்கம்தான்.

எம்எஸ்ஐ வகையில ஏன் 83 சதவீதம்? இதைக் கொஞ்சம் கிட்டப் போய் பார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஏரிட்1ஏ ஜீனுக்குள்ள ஒரு இடத்துல ஜி எழுத்து ஏழு தடவை வரிசையா வரும், ஜிஜிஜிஜிஜிஜிஜி. செல் பிரியும்போது டிஎன்ஏவை நகல் எடுக்கிற மெஷின் இந்த மாதிரி ஒரே எழுத்து தொடர்ந்து வர்ற இடத்துல வழுக்கும், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதும்போது நமக்கே ஆறு எழுதினோமா ஏழு எழுதினோமான்னு தப்பும்ல, அதே மாதிரி. சாதாரண செல்லுல பின்னாடியே வந்து பிழை திருத்தறதுக்கு ஒரு குழு இருக்கு, மிஸ்மேட்ச் ரிப்பேர்னு பேர். எம்எஸ்ஐ கட்டியில அந்தக் குழுவே இல்ல. ஏழு ஜி ஆறு ஜி ஆகுது, ஆகட்டும், ஒரே ஒரு எழுத்துதானே போச்சுன்னு நினைக்கலாம். ஆனா புரோட்டீன் எழுதறது மூணு மூணு எழுத்தா படிச்சு. ஒரு எழுத்து விழுந்தா அதுக்கப்புறம் வர்ற எல்லா மூணும் ஒரு அடி தள்ளிப் பிரியும், வாக்கியமே உளறலா போகும், கொஞ்ச தூரத்துலயே எதேச்சையா ஒரு நிறுத்தக்குறி வந்துடும். 2285 நீளத்துக்கு வரவேண்டிய புரோட்டீன் பாதியில அறுந்து, செல் அதைக் குப்பைன்னு அழிச்சுடும். அப்போ எம்எஸ்ஐ கட்டியில ஏரிட்1ஏ போனதுக்குக் காரணம் பல நேரம் இந்த வழுக்கல்தான், அதாவது அது அங்க விளைவு. ஈபிவி வகையிலயும் மத்ததுலயும் கதை வேற, அங்க அது தனியா தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த சேதம்.

விளைவாவே இருந்தாலும் அது சும்மா இருக்குதான்னா இல்ல. ஏரிட்1ஏ போனா என்ன ஆகுதுன்னா, ஜீன்ல இருந்து தள்ளி இருக்கிற என்ஹான்சர்னு சொல்ற இடங்கள் மூடிக்குது. ஜீனோட வாசல் திறந்தே இருக்கும், ஆனா அதை எப்போ எவ்வளவு ஓட்டணும்னு சொல்ற இடம் தூரத்துல இருக்கும், பாஃப் காம்ப்ளெக்ஸ் அங்கதான் அதிகமா உட்காருது. எலிக் குடல்ல ஏரிட்1ஏவை எடுத்துப் பார்த்தப்போ இந்த என்ஹான்சர்கள்தான் முதல்ல சத்தம் குறைஞ்சதுன்னு 2017ல காட்டினாங்க, பெருங்குடல்ல கட்டியும் வந்தது. இரைப்பை உள்சவ்வு தன்னைத்தானே ஓயாம புதுப்பிச்சுக்கிற இடம், ஸ்டெம் செல் பிரிஞ்சு கீழயும் மேலயும் போய் அமிலம் சுரக்கிறதா, சளி சுரக்கிறதா, என்சைம் சுரக்கிறதான்னு ஒவ்வொண்ணும் ஒரு முடிவுக்கு வரணும். அந்த முடிவை எடுக்க வைக்கிறதே என்ஹான்சர்தான். அது மங்கினா செல் முடிவெடுக்காம பிரிஞ்சுகிட்டே இருக்கும், இல்லன்னா தப்பான முடிவெடுக்கும், இரைப்பை செல் குடல் செல் மாதிரி நடந்துக்கறதெல்லாம் அப்படித்தான்.

2021ல மனுஷ இரைப்பை செல்லை வெச்சு டிஷ்ஷுல குட்டி இரைப்பை மாதிரி வளர்க்கிற ஆர்கனாய்டுல, செல்லுக்குக் காவல் மாதிரி இருக்கிற டிபி53 ஜீனையும் ஏரிட்1ஏவையும் கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டற கருவி வெச்சு வெட்டிப் பார்த்தாங்க. செல்கள் கேன்சருக்கு முந்தின நிலைக்கான அடையாளத்தோட வளர ஆரம்பிச்சுது, சளி சுரக்கிற ஒரு தப்பான வகைக்கு மாறிச்சு, கூடவே பிஐஆர்சி5ங்கிற ஒரு ஜீனை நம்பி வாழ ஆரம்பிச்சுது. அதே வருஷம் எலியில பண்ண இன்னொரு வேலை இன்னும் சுவாரஸ்யம்: ஏரிட்1ஏவோட ரெண்டு நகல்ல ஒண்ணு மட்டும் போனா கட்டி வளர்றதுக்கு சாதகம், ரெண்டும் மொத்தமா போனா அந்த செல்லே போட்டியில பின்தங்குது, ஏன்னா பி53, அதாவது அந்த டிபி53 ஜீனோட புரோட்டீன், முழிச்சிக்கிட்டு அடக்குது. அளவைப் பொறுத்து குணம் மாறுது. ஜீன் கெட்டா கேன்சர்னு ஒரே வரியில முடிக்கிறவங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

ஹெலிகோபாக்டர் பைலோரிக்கும் இதுல பங்கு இருக்கு. அந்தக் கிருமி இரைப்பையில வருஷக்கணக்கா புண்ணாக்கி வெச்சா கட்டி வராத இடத்துலயே டிஎன்ஏ மேல மெத்திலேஷன் தாறுமாறா ஏறும், ஜப்பான்ல இதை விடாம துரத்தின ஆய்வுகள்ல கட்டிக்குப் பக்கத்துல பார்க்க நார்மலா இருக்கிற சவ்வுலயே ரீமாடலர் ஜீன்கள் சிலது மாறிப் போயிருக்கிறதைக் காட்டியிருக்காங்க. அதாவது கட்டி வர்றதுக்கு முன்னாடியே நிலம் கெட்டுப் போயிருக்கு. இந்த விஷயத்துக்குக் கடைசியில திரும்ப வர்றேன்.

இன்னும் ரெண்டு தொடர்பு சொல்லிடறேன். ஏரிட்1ஏவும் பிக்3சிஏவும் சேர்ந்தே கெட்டிருக்கிறதைத் திரும்பத் திரும்பப் பார்க்கறோம், ஒண்ணு செல்லோட அடையாளத்தைக் குலைக்குது, இன்னொண்ணு வளர்ச்சிக்கு எரிபொருள் ஊத்துது. அதுக்கு எதிரா, டிபி53 கெட்டிருக்கிற கட்டிகள்ல ஏரிட்1ஏ பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், ரெண்டும் வேற வேற பாதை மாதிரி. இன்னொண்ணு, ஏரிட்1ஏ மிஸ்மேட்ச் ரிப்பேர் குழுவுல இருக்கிற எம்எஸ்எச்2வைக் கைபிடிச்சு டிஎன்ஏ கிட்ட கூட்டிட்டுப் போகுதுன்னு 2018ல கண்டுபிடிச்சாங்க. அப்போ ஏரிட்1ஏ போனா ரிப்பேரும் கொஞ்சம் தடுமாறும். மேல எம்எஸ்ஐயால ஏரிட்1ஏ போகுதுன்னு சொன்னேன், இங்க ஏரிட்1ஏ போனா பிழைகள் கூடுதுன்னு சொல்றேன், ரெண்டுமே உண்மைதான், ஒண்ணை ஒண்ணு கீழ இழுக்குது.

இப்போ அந்த ரிப்போர்ட் வரி எப்படி வருதுன்னு சொல்றேன். இது பெரும்பாலும் ஜீன் டெஸ்ட் இல்ல, ஸ்டெயின். திசுவை மெழுகுல பதிச்சு, மெல்லிசா சீவி, ஏரிட்1ஏவைப் பிடிக்கிற ஆன்டிபாடியை ஊத்துவோம், புரோட்டீன் இருக்கிற நியூக்ளியஸ் பழுப்பா மாறும், இல்லாதது நீலமாவே நிக்கும். மைக்ராஸ்கோப்புல பார்க்கும்போது கட்டி செல் கூட்டம் முழுக்க நீலமா இருக்கும், அதுக்கு நடுவுல ஊடுருவி வந்திருக்கிற குட்டி குட்டி லிம்ஃபோசைட்டும், ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற நீள நியூக்ளியஸும் நல்ல பழுப்புல இருக்கும். அந்தப் பழுப்பைத்தான் நான் முதல்ல தேடுவேன். அது இருந்தாதான் ஸ்டெயின் ஒழுங்கா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், கட்டியில இல்லங்கிறதை நம்பலாம். அந்த செல்களும் நீலமா இருந்தா திசு சரியா பதப்படல, அந்த ஸ்லைடை வெச்சு எதுவும் சொல்லக்கூடாது, திரும்பப் போடணும். சில கட்டிகள்ல பாதி பழுப்பு பாதி நீலம்னு கோடு போட்டு பிரிச்ச மாதிரியும் இருக்கும், அதாவது கட்டி வளர்ந்து வர்ற வழியில ஒரு கிளைக்கு மட்டும் ஏரிட்1ஏ போயிருக்கு. பயாப்சி இடுக்கி எந்தக் கிளையில கிள்ளுச்சோ அதுதான் ரிப்போர்ட். இதனாலயும் ஒரே வரியை வெச்சு முழுக் கட்டியையும் எடை போடாதீங்கன்னு சொல்றேன்.

நல்லதா கெட்டதான்னு கேட்டீங்க. நெட்ல தேடினா ரெண்டும் வரும், குழப்பம் உங்க பக்கத்துல இல்ல. 2011 ஆய்வுலயே ஏரிட்1ஏ மியூட்டேஷன் இருந்தவங்க கொஞ்சம் நல்லா இருந்தாங்கன்னுதான் வந்தது, அதுக்கப்புறம் ஸ்டெயின் வெச்சு பார்த்த பல ஆய்வுகள்ல புரோட்டீன் காணாம போனவங்க மோசமா இருந்தாங்கன்னு வந்தது. என் கணிப்புல இதுக்குக் காரணம் கலவைதான். எம்எஸ்ஐ, ஈபிவி கட்டிகள் பொதுவாவே மத்த வகையைவிட நல்லா போறவை, ஏரிட்1ஏ போனவங்கள்ல அந்த ரெண்டு வகை அதிகமா இருந்தா சராசரி நல்லதா தெரியும். அந்த ரெண்டும் இல்லாம ஏரிட்1ஏ மட்டும் போயிருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால அப்பாவோட முன்னேற்றத்தைத் தீர்மானிக்கிறது முதல்ல ஸ்டேஜ், அதாவது சுவர்ல எவ்வளவு ஆழம் போயிருக்கு, நிணநீர் முடிச்சு எத்தனை, வெளிய பரவியிருக்கா, அதுக்கப்புறம் வகை, அதுக்கப்புறம்தான் ஏரிட்1ஏ.

இதுல ஒரு விதிவிலக்கு சொல்லணும். தண்டு போறது வேற, மோட்டார் போறது வேற. எஸ்மார்க்சிஏ4 போன இரைப்பை கட்டிகள் அபூர்வம், ஆனா வந்தா கடுமையானது, செல்கள் எந்த உருவமும் இல்லாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம உருண்டையா, நியூக்ளியஸ் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கிற மாதிரி இருக்கும், வேகமா பரவும். உங்க ரிப்போர்ட்ல இருக்கிறது ஏரிட்1ஏ, எஸ்மார்க்சிஏ4 இல்ல. ரெண்டும் ஒரே மெஷினோட உறுப்புங்கறதால நெட்ல ஒண்ணுக்கு எழுதினதை இன்னொண்ணுக்குப் படிச்சு பயப்படறவங்க உண்டு, அதனாலதான் தனியா சொல்றேன்.

அடுத்தது மருந்து. இங்க ஒரு அடிப்படை சிரமம் இருக்கு. செல்லை வளரத் தூண்டற ஹெர்2 புரோட்டீன் மாதிரி ஒண்ணு அதிகமா இருந்தா அதை அடைக்க மருந்து செய்யலாம், டிராஸ்டுசுமாப் அப்படித்தான், 2010ல இரைப்பை கேன்சர்லயும் அது உதவும்னு நிரூபிச்சாங்க. ஆனா ஏரிட்1ஏ காணாம போன ஒண்ணு. இல்லாததை எப்படி அடைக்கிறது? அதைத் திரும்ப செல்லுக்குள்ள வைக்கிற மருந்தும் இன்னிக்கு இல்ல. அதனால ஆராய்ச்சி வேற பக்கமா திரும்பிச்சு: தண்டு போன பிறகு இந்த செல் எதை நம்பி உயிர் வாழுது, அதை உருவினா என்ன? நார்மல் செல்லுக்கு ரெண்டு தூண் இருக்கு, இதுக்கு ஒண்ணுதான் மிச்சம், அந்த ஒண்ணை இடிச்சா இது மட்டும் விழும், பக்கத்துல இருக்கிற நல்ல செல் நிக்கும்.

முதல்ல தெரிஞ்ச தூண் அந்த ஜோடி, ஏரிட்1பி, ஏரிட்1ஏ இல்லாத செல் முழுக்க ஏரிட்1பியை நம்பித்தான் இருக்குன்னு 2014ல காட்டினாங்க, ஆனா அந்தப் புரோட்டீனுக்கு மருந்து வந்து உட்கார்ற மாதிரி ஒரு குழி இல்ல, அதனால அது இன்னும் கைக்கு வரல. ரெண்டாவது ஈஸெட்எச்2. இது ரீமாடலர் இல்ல, நான் மேல சொன்ன குறி வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது, ஹிஸ்டோன் மேல மூணு மெத்தில் ஒட்டி ஜீனை மூடி வைக்கும். பாஃப் திறக்கப் பார்க்கும், இது மூடப் பார்க்கும், ரெண்டு பேருக்கும் நிரந்தர இழுபறி. பாஃப் பலமிழந்தா ஈஸெட்எச்2 கை ஓங்கும், இரைப்பை கட்டிகள்லயும் அது அதிகமா இருக்கிறதைப் பார்த்திருக்காங்க. சினைப்பை கேன்சர் ஒரு வகையில ஏரிட்1ஏ இல்லாத செல்கள் ஈஸெட்எச்2வை அடைச்சா சாகுதுன்னு 2015ல வந்தது. டாசெமெட்டோஸ்டாட்னு ஒரு ஈஸெட்எச்2 மருந்து 2020ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு, ஆனா அது எபிதிலாய்டு சார்கோமாவுக்கு, அங்க பாஃப்போட இன்னொரு உறுப்பு போயிருக்கும். இரைப்பை கேன்சருக்கு இல்ல. மூணாவது டிஎன்ஏ ரிப்பேர் பக்கம், ஏடிஆர் தடுப்பான், பார்ப் தடுப்பான்னு டிஎன்ஏ சேதத்தை சரிபண்ண உதவற புரோட்டீன்களை அடைக்கிற மருந்துகள், ஏரிட்1ஏ இல்லாத செல்கள் இதுக்கு அதிகமா அடிபடுதுன்னு லேப்ல நல்ல ஆதாரம் இருக்கு, ஏடிஆர் மருந்துகளை வெச்சு நோயாளிகள்கிட்ட சோதனையும் நடந்திருக்கு. நாலாவது குளூட்டாதையோன், இதுவும் 2019ல ஜப்பான்ல இருந்து வந்த அழகான வேலை, ஏரிட்1ஏ இல்லாத செல்லுக்கு அந்தப் பாதுகாப்புப் பொருளை செஞ்சுக்க வேண்டிய கச்சாப்பொருளை உள்ள கொண்டு வர்ற வாசல் சரியா ஓடாது, இருக்கிறதையும் உறிஞ்சிட்டா தாங்காது. எஸ்மார்க்சிஏ4 போன கட்டிகளுக்கு அதோட கூடப்பிறந்த எஸ்மார்க்சிஏ2வைக் குறி வெச்சு அழிக்கிற மருந்துகளும் சோதனையில இருக்கு, தத்துவம் அதேதான்.

இதுல எதுவும் ஏரிட்1ஏ இல்லாத இரைப்பை கேன்சருக்குன்னு இன்னிக்கு ஆஸ்பத்திரியில எழுதிக்கொடுக்கிற வழக்கமான மருந்து கிடையாது. மனசு கஷ்டமா இருந்தாலும் நேரா சொல்றேன், ஏன்னா இந்த வரியை எடுத்துக்கிட்டு யாராவது உங்ககிட்ட இதுக்கு ஸ்பெஷல் மருந்து இருக்குன்னு காசு கேட்டா கொடுத்துடாதீங்க. முறையான கிளினிக்கல் ட்ரையல்னா அது வேற, ஆன்காலஜிஸ்ட்கிட்ட கேளுங்க.

ஆனா கையில இருக்கிற மருந்துகளை முடிவு பண்ற டெஸ்ட் நாலு இருக்கு, அது எல்லாம் பார்த்தாச்சான்னு கேட்டு வாங்கிக்கோங்க: ஹெர்2, மிஸ்மேட்ச் ரிப்பேர் அல்லது எம்எஸ்ஐ, பிடி-எல்1, கிளாடின் 18.2. இதுல அப்பா விஷயத்துல எனக்கு ரொம்ப ஆர்வம் எம்எஸ்ஐதான், ஏரிட்1ஏ இல்லங்கிறதே ஒரு துப்பு மாதிரி. எம்எஸ்ஐ கட்டிகள்ல பிழையான புரோட்டீன் துண்டுகள் நிறைய இருக்கும், நோய் எதிர்ப்பு செல்லுக்கு அது அந்நியமா தெரியும், அதனால பெம்ப்ரோலிசுமாப் மாதிரி இம்யூனோதெரபிக்கு நல்லா மசியும், எந்த உறுப்புல வந்தாலும் எம்எஸ்ஐ இருந்தா கொடுக்கலாம்னு அந்த மருந்துக்கு 2017ல அமெரிக்காவுல அனுமதி வந்ததே அதனாலதான். ஈபிவி வகையிலயும் சிலருக்கு இம்யூனோதெரபி நல்லா கேக்குது. ஏரிட்1ஏ போனது மட்டுமே இம்யூனோதெரபிக்கு போதுமான காரணமான்னா, இல்ல, அதை வெச்சு இப்போ யாரும் முடிவெடுக்கறதில்ல.

கடைசிக் கேள்வி, உங்களுக்கும் வருமா. ஏரிட்1ஏ மியூட்டேஷன் கட்டிக்குள்ள பிறந்தது, அப்பா பிறக்கும்போது கொண்டு வந்தது இல்ல, அதனால அது உங்களுக்குக் கடத்தப்படல. பிறவியிலயே ஏரிட்1ஏ அல்லது ஏரிட்1பியில ஒரு நகல் கெட்டு பிறக்கிறவங்க உண்டு, அது காஃபின்-சிரிஸ் சிண்ட்ரோம், குழந்தைப் பருவத்துலயே வளர்ச்சிக் குறைபாடா தெரியும், இரைப்பை கேன்சர் குடும்பத்துல ஓடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. குடும்பத்துல ஓடறது வேற ஜீன்கள். சிடிஎச்1, 1998ல நியூசிலாந்துல ஒரு மாவோரி குடும்பத்துல கண்டுபிடிச்சது, பரவல் வகைக் கட்டி சின்ன வயசுலயே பல பேருக்கு வரும். இன்னொண்ணு லின்ச் சிண்ட்ரோம், மிஸ்மேட்ச் ரிப்பேர் ஜீன் ஒண்ணு பிறவியிலயே கெட்டிருக்கிறது, அதுல எம்எஸ்ஐ வரும். அப்பா கட்டி எம்எஸ்ஐன்னு வந்தா உடனே லின்ச்னு பதறவேண்டாம், இரைப்பையில பெரும்பாலான எம்எஸ்ஐ வயசானவங்களுக்கு எம்எல்எச்1 ஜீன் மெத்திலேஷனால வாயடைஞ்சு வர்றது, பரம்பரை இல்ல. மிஸ்மேட்ச் ரிப்பேர் குழுவுல எந்தப் புரோட்டீன் காணோம்னு பாருங்க, எம்எல்எச்1 போயிருந்தா மெத்திலேஷன் டெஸ்ட் கேளுங்க, எம்எஸ்எச்2வோ எம்எஸ்எச்6ஓ போயிருந்தா ஜெனட்டிக் கவுன்சிலரைப் பார்க்கறது அவசியம்.

இது எதுவும் இல்லன்னாலும் நீங்களும் உங்க கூடப்பிறந்தவங்களும் ஒண்ணு பண்ணணும், ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கான்னு பார்த்துக்கோங்க. மேல நிலம் கெட்டுப் போறதுன்னு சொன்னேனே, அந்தக் கெடுதலை ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் அதுதான், ஒரே வீட்டுல வளர்ந்தவங்களுக்கு சின்ன வயசுலயே ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். கொரியாவுல, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இரைப்பை கேன்சர் வந்த, தங்களுக்கும் அந்தக் கிருமி இருந்த 1676 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் கோர்ஸும் பாதிப் பேருக்கு வெத்து மாத்திரையும் கொடுத்து ஒன்பது வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்தாங்க, 2020ல முடிவு வந்தது. மருந்து எடுத்தவங்கள்ல 10 பேருக்கு, எடுக்காதவங்கள்ல 23 பேருக்கு கேன்சர். மூச்சுப் பரிசோதனையிலயோ மலப் பரிசோதனையிலயோ தெரிஞ்சுடும், இருந்தா சுமார் ரெண்டு வார மாத்திரை, அது முடிஞ்சு குறைஞ்சது நாலு வாரம் கழிச்சு கிருமி போச்சான்னு திரும்பவும் டெஸ்ட் பண்ணணும், அந்த ரெண்டாவது டெஸ்ட்டைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

அப்பாவோட எம்எஸ்ஐ, எபர் ரிசல்ட் வந்ததும் பேரு, ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் மறைச்சிட்டு அந்த வரிகளை மட்டும் இங்கயே போடுங்க, என்ன அர்த்தம்னு சேர்ந்து பார்க்கலாம்.